விராலுக்கு மிதக்கும் ரப்பர் தவளை: வீட்டில் உருக்கி வார்த்த அனுபவம்

விரால் பிடிக்க உயிருள்ள தவளையை முள்ளில் கோத்துப் போடுவதுதான் எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் பழக்கம். அதில் மனம் ஒப்பாததால் கடையில் விற்கும் மென்பிளாஸ்டிக் தவளைகளுக்கு மாறினேன். நான் வாங்கியவை பிவிசியால் வார்க்கப்பட்டு, உள்ளே காற்றறை இல்லாமல் கெட்டியாக இருந்ததால், வீசிய சற்று நேரத்தில் மூழ்கிப் பாசிக்குள் சிக்கின. விரால் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும் மீன் ஆதலால், ஆகாயத்தாமரை இலைகளின் மேல் இழுபட்டு வந்து, இடைவெளி கிடைத்ததும் நீரில் விழுந்து மிதக்கும் இரைதான் அதற்குத் தோதானது. நீரைவிட அடர்த்தி குறைந்ததும் வீட்டில் உருக்கக்கூடியதுமான ரப்பரைத் தேடியபோது, எஸ்.இ.பி.எஸ். என்ற செயற்கை ரப்பர்ப் பொடியும் அதோடு கலக்கும் லிக்விட் பாரஃபின் எண்ணெயும் கண்ணில் பட்டன.

இந்தப் பொருளின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதன் இரு முனைகளிலும் கடினமான பாலிஸ்டைரீனும் நடுவே ரப்பர்ப் பகுதியும் இருக்கின்றன. முனைகள் ஒன்றோடொன்று கூடி முடிச்சுகளாக இறுகிக்கொள்ள, எண்ணெயை உறிஞ்சிய நடுப்பகுதி அந்த முடிச்சுகளுக்கு இடையே இழுபட்டுச் சுருங்குகிறது. சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முடிச்சுகள் இளகத் தொடங்கும். ஆறினால் மறுபடி இறுகும். டயர் ரப்பரில் கந்தகம் போட்ட பிணைப்பு நிரந்தரமானது என்பதால் அது சூட்டில் கருகுமே தவிர உருகாது. இங்கே கெட்டுப்போன வார்ப்பைத் துண்டு போட்டு மறுபடி பாத்திரத்தில் இடலாம். அந்தச் சலுகை இல்லாவிட்டால் மூன்றாம் முயற்சியோடு நான் கைவிட்டிருப்பேன்.

முதல் நாள் 220 கிராம் எண்ணெயில் 30 கிராம் பொடியைப் போட்டு, எவர்சில்வர் கிண்ணத்தோடு கேஸ் அடுப்பில் வைத்தது என் அவசரம். அடிப்பகுதி மஞ்சளித்துப் புகைய, மேலே பொடி கட்டிகட்டியாக மிதந்தது. சூடேறிய எண்ணெய்க்கு அடியில் திறந்த தீ எரிவது எவ்வளவு ஆபத்து என்பது புகையைப் பார்த்த பிறகே உறைத்தது. அன்றே கேக் சுடும் பழைய மின் அடுப்பொன்றை (ஓ.டி.ஜி.) மாடிக்கு ஏற்றிவிட்டேன். இனி அதில் கேக் செய்ய முடியாது என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அடுத்த முறை கலவையை இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் ஒவ்வொரு துகளும் ஊறிய ஜவ்வரிசியைப் போல உப்பிக் கண்ணாடியாகத் தெரிந்தது. 140 டிகிரியில் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கம்பியால் மெல்லக் கிளறியதில், இரண்டு மணி நேரத்தில் கட்டியில்லாமல் தேன் பதத்துக்கு வந்தது.

இதன் பிறகுதான் குமிழித் தொல்லை தொடங்கியது. களிமண்ணில் செய்த தவளையின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி அச்சு எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்திருந்தேன். உருக்கிய கலவையை ஊற்றியதும் அச்சுச் சுவரிலிருந்து சரம்சரமாகக் குமிழிகள் கிளம்பின. ஆறிய தவளையின் வயிறு பஞ்சுபோல் இருந்தது. கிளறும்போது காற்று புகுந்திருக்கும் என்று எண்ணிக் கிளறுவதைக் குறைத்தேன். அடுத்து, சூடு போதாதோ என்று 150 டிகிரிக்கு ஏற்றினேன். அதில் குமிழி கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்றாம் வார்ப்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது, நடுப்பகுதி பளிங்குபோல் தெளிந்திருக்க, குமிழிகள் அச்சைத் தொட்ட ஓரத்தில் மட்டுமே நெருங்கி நின்றன. குற்றம் கலவையில் இல்லை. இறுகிய பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர்; வெயிலில் போகாத அந்த நீர், 140 டிகிரிக் கலவை பட்டதும் ஆவியாகியிருக்கிறது.

அச்சைச் சிலிக்கோனில் செய்த பிறகு குமிழி அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் குளிர்ந்த அச்சில் ஊற்றினால், முதலில் விழுந்த தாரை உறைந்து, அடுத்த தாரை அதன் மேல் ஒட்டாமல் தோலில் மடிப்பாகத் தெரிகிறது. அச்சையும் அதே அடுப்பில் 100 டிகிரி வரை சூடாக்கிவிட்டு, ஒரே மூலையிலிருந்து நூல்போல ஊற்றினால் மடிப்பு விழுவதில்லை. பச்சை நிறத்துக்காகச் சமையல் நிறமியில் நான்கு சொட்டு விட்டது இன்னொரு மடத்தனம். அது நீரில் கரைந்த நிறமி ஆதலால் தாளிப்பில் விழுந்த நீரைப்போல வெடித்து, கையுறையில் தெறித்தது. இப்போது மெழுகுவர்த்திக்கான எண்ணெயில் கரையும் நிறத்தையே பயன்படுத்துகிறேன்.

பதத்தைப் பொறுத்தவரை, 12 சதவீதக் கலவை விரலுக்கு இதமாக இருந்தாலும் முள் குத்திய இடத்தில் கிழிந்தது. 20 சதவீதம் கிழியவில்லை. ஆனால் அல்வாவைப்போலக் கரண்டியோடு எழும்பி வந்ததால் கால்விரல்கள் வரை இறங்கவே இல்லை. 250 கிராமில் 40 கிராம் பொடி, அதாவது 16 சதவீதம், ஊற்றவும் வருகிறது, முள்ளையும் தாங்குகிறது. வார்த்த தவளைகளைப் பழைய பிவிசி இரைகளோடு ஒரே டப்பாவில் போட்டிருந்தபோது, ஒரு வாரத்தில் இரண்டும் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டன. பிவிசியை மென்மையாக்கும் எண்ணெய் இதற்குள் இறங்கிவிடுகிறது. அதே காரணத்தால் பழைய இரைகளை இந்தப் பாத்திரத்தில் சேர்த்து உருக்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிட்டேன். மிகைச் சூட்டில் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும்.

சென்ற ஞாயிறன்று ஏழு தவளைகளோடு கண்மாய்க்குப் போனேன். கரையில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் ஒன்றை வாங்கி நசுக்கிப் பார்த்து, “மெதுவாத்தான் இருக்கு தம்பி, ஆனா காலு ஆடலையே” என்றார். அவர் சொன்னது சரிதான். உடல் நன்றாக மிதந்தது, ஒரு விரால் இருமுறை அடிக்கவும் செய்தது. ஆயினும் தொடைச் சந்து தடித்துப்போனதால் பின்னங்கால்கள் விறைத்தே நின்றன. களிமண் மாதிரியில் அந்தச் சந்தை மூன்று மில்லிமீட்டருக்கு மெலிய வைத்திருக்கிறேன். புது அச்சுக்கான சிலிக்கோன் மாடியில் இறுகிக்கொண்டிருக்கிறது.