எக்கோ அறைக் குறிப்புகள்

யூன் 4, செவ்வாய்

படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று 26 வாரக் கர்ப்பிணி ஒருவரைக் குடும்பநல உத்தியோகத்தர் அனுப்பியிருந்தார். நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பிறகு பஸ் ஏறி வந்தவர். கர்ப்பத்தில் இளைப்பு வழமைதான். ஆயினும் சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தின் ஈரிதழ் வால்வைச் சுருக்கியிருந்தால், அதுவரை தெரியாதிருந்த சுருக்கம் இரத்த ஓட்டம் பெருகும் இம்மாதங்களில்தான் பெரும்பாலும் வெளிப்படும் என்பதால், முதலில் எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலியலைப் படத்தில், வால்வைப் பார்த்தேன். சுருக்கம் இல்லை. இரத்தச்சோகையும் இல்லை.

மல்லாந்து படுத்த சில நிமிடங்களில், "தலை சுத்துது டொக்டர்" என்றார். வளர்ந்த கருப்பை, கீழுடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் பெருநாளத்தை அழுத்தும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்துவிடுகிறது. "இடப்பக்கமாத் திரும்பிப் படுங்கோ பிள்ளை" என்றேன்; சற்று நேரத்தில் தெளிந்தார். அதன் பிறகே அளந்தேன். இதய வெளியேற்றம், அதாவது இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு, நிமிடத்துக்கு 4.9 லீற்றர் என்று வந்தது. அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டேன், மனம் ஒப்பவில்லை.

யூன் 5, புதன்

கர்ப்பத்தில் இதய வெளியேற்றம் 30 முதல் 50 வீதம் வரை கூடும். ஆரோக்கியமான கர்ப்பிணியின் இதயத்துக்கு நேற்றைய எண் குறைவு. அவரை மீண்டும் கடல் தாண்டி வரச்சொல்லாமல், பதிந்து வைத்த படங்களிலேயே திரும்ப அளந்தேன்.

இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் பெருநாடி வாசலின் விட்டத்தை 1.8 சென்ரிமீற்றர் என எடுத்திருந்தேன். படத்தை உறையவைத்து, வால்வு முழுதாகத் திறந்திருக்கும் கணத்தில், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை மூன்று முறை அளந்தபோது மூன்றிலும் 2.0 வந்தது. அந்த வாசலின் பரப்பை, ஒரு துடிப்பில் இரத்தம் நகரும் தூரமான 22 சென்ரிமீற்றரால் பெருக்கினால் 69 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 88 துடிப்புக்கு 6.1 லீற்றர். விட்டம் வர்க்கமாகப் பெருகுவதால், இரண்டு மில்லிமீற்றர் பிழை ஒரு லீற்றருக்கு மேல் விழுங்கியிருக்கிறது. குழந்தைக்குப் போய்ச்சேரும் இரத்தத்தைப் பற்றிய கணக்கில் இது சிறு பிழையன்று.

யூன் 11, செவ்வாய்

ஸ்கானுக்கு வந்திருந்தார். இரத்த ஓட்டத்தை அலையாகக் காட்டும் டொப்ளரில், கருப்பை நாடிகளில் இருபுறமும் அலை வெட்டின்றித் தாழாமல் ஓடியது. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தடையின்றிச் செல்கிறது. பிறசரும் சரி. அட்டையிலிருந்த 4.9ஐ ஒற்றைக் கோட்டால் வெட்டி, 6.1 என எழுதிக் கையொப்பமிட்டு, பிழை என்னுடையது என்று அவரிடமே சொன்னேன். "அப்ப பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே டொக்டர்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.