லைக் எங்கே, ஆஸ் எங்கே?

வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பிக்கிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 'ஐ ஒர்க்டு லைக் அன் அக்கவுண்டன்ட்' என்று எழுதினால், கணக்காளரைப் போல உழைத்தேன், ஆனால் கணக்காளர் இல்லை என்றுதான் படிப்பவருக்குப் படும். அந்தப் பதவியிலேயே இருந்திருந்தால் 'ஆஸ் அன் அக்கவுண்டன்ட்'. தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'கணக்காளராக' என்று வந்தால் ஆஸ், 'கணக்காளரைப் போல' என்று வந்தால் லைக். பெரும்பாலும் இந்தச் சோதனையே போதும்.

நிறையப் பேர் இடறுவது கேள்வியில்தான். 'ஹவ் டஸ் ஹி லுக் லைக்?' தவறு. ஹவ் போட்டால் அங்கே லைக் வேண்டாம். 'வாட் டஸ் ஹி லுக் லைக்?' என்று கேட்க வேண்டும். இது ஆளின் தோற்றம் பற்றியது. 'வாட் இஸ் ஹி லைக்?' என்றால் ஆள் எப்படிப்பட்டவர், குணம் எப்படி. 'வாட் டஸ் ஹி லைக்?' என்றாலோ அவருக்கு என்ன பிடிக்கும். இஸ், டஸ் மாறினாலே பதில் வேறாகிவிடுகிறது, பாருங்கள்! நேர்காணலுக்குப் போகுமுன் இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஒப்பிட்டு முடிக்கும்போது 'லைக் மீ', 'லைக் ஹிம்'. 'லைக் ஐ' என்று நிறுத்தக் கூடாது. பின்னால் வினை வந்து, 'லைக் ஐ செட்' (நான் சொன்னதுபோல) என்பது பேச்சில் சகஜம். தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் 'ஆஸ் ஐ செட்' என்றே எழுதுங்கள்.