கன்னத்தில் ஒரு முக்கோணம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் என் தாய்மாமன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில், ரெம்ப்ராண்ட் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது எனக்குத் தெரியாது. இடப்பக்க விளக்கை உயர்த்தி, குடையைச் சற்றே திருப்பச் சொல்லி, “ரெம்ப்ராண்ட் வைடா” என்பார் மாமா. பிலிப்ஸைப் போல அதுவும் ஏதோ விளக்குக் கம்பெனி என்றே கல்லூரி முடிக்கும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். (இரண்டுமே நெதர்லாந்துச் சரக்குதான் என்பது பிறகு தெரிந்தது.)

விளக்கை முகத்துக்கு நேரே வைக்காமல், ஒரு பக்கமாக 45 பாகை தள்ளித் தலைக்கு மேலே உயர்த்தினால், மூக்கின் நிழல் சரிந்து கன்னத்து நிழலோடு ஒட்டிக்கொள்ளும். இருண்ட பக்கத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோணம் மட்டும் வெளிச்சமாக மிஞ்சும். அது கண்ணைவிட அகலமாகவோ மூக்கைவிட நீளமாகவோ போய்விடக் கூடாது என்பது தொழில் கணக்கு. மாமாவுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தியே நிழலின் அழுத்தத்தைக் கூட்டுவார், குறைப்பார்.

உண்மையான ரெம்ப்ராண்ட் 1606இல் லைடன் நகரில் ஒரு மாவு ஆலைக்காரரின் மகனாகப் பிறந்து, ஆம்ஸ்டர்டாமில் வணிகர்களையும் மருத்துவர்களையும் வரைந்து பெயர் வாங்கியவர். அங்கே 1639இல் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீட்டை வாங்கினார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நம் கடற்கரையில் கோட்டை கட்டுவதற்கு அனுமதி வாங்கியதும் அதே ஆண்டுதான். அந்த வீட்டுக் கடன் அடைபடாமல் 1656இல் ரெம்ப்ராண்ட் திவாலானது தனிக்கதை. மாமாவின் முக்கோணம் அவருடைய எல்லா ஓவியங்களிலும் இருப்பதில்லை. அது பின்னால் வந்த போட்டோக்காரர்கள் வடித்தெடுத்த சூத்திரம். ஏறத்தாழ 1628இல், இருபத்திரண்டு வயதில், அவர் வரைந்த தன்னுருவத்தைப் பார்த்தால், முகத்தை இருட்டில் விடும் அவருடைய துணிச்சல் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். வெளிச்சம் கழுத்திலும் காதிலும் ஒரு கன்னத்திலும் மட்டுமே விழுகிறது. ஈர வண்ணத்தைத் தூரிகையின் பின்முனையால் கீறிச் சுருள்முடியைக் காட்டியிருக்கிறார். உருவப்படத்தின் உயிர் என்று எல்லோரும் சொல்லும் கண்கள் இரண்டும் இருட்டுக்குள் கிடக்கின்றன. பார்ப்பவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

வெகுமக்கள் கலைக்கு அவர் விட்டுச்சென்றது அந்த இருட்டுதான் என்பேன். ஹாலிவுட்டில் 1915இல் இயக்குநர் செசில் பி. டெமில் ஒரு படத்தில் நடிகர்களின் பாதி முகத்தை நிழலில் விட்டபோது, பாதி முகத்துக்குத் தியேட்டர்காரர்கள் பாதிப் பணம்தான் தருவார்கள் என்று அவருடைய கூட்டாளி சாமுவேல் கோல்ட்வின் பதறினாராம். இது ரெம்ப்ராண்ட் ஒளி என்று டெமில் பதில் சொன்னதும், அப்படியானால் இரட்டிப்பாகவே கேட்கலாம் என்றாராம் கோல்ட்வின். டெமில் பின்னாளில் சொன்ன கதை இது; கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். நம் பக்கத்தில் 1987இல் ‘நாயகன்’ வந்தபோதும் படம் இருட்டாக இருக்கிறது என்ற முணுமுணுப்பை நானே தியேட்டரில் கேட்டிருக்கிறேன். அந்த ஒளிப்பதிவுக்குத்தான் பி.சி. ஸ்ரீராமுக்குத் தேசிய விருது கிடைத்தது.

சினிமாவில் செல்லுபடியான இருட்டு ஸ்டூடியோவில் செல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக மகளைப் படமெடுக்க அழைத்து வந்த ஓர் அம்மா, பிரதியைக் கையில் வாங்கியதும், “பாதி மூஞ்சி கறுப்பா விழுந்திருக்கே, காசு மட்டும் முழுசா கேக்குறீங்களே” என்று கோல்ட்வினின் கணக்கையே போட்டார். மறுபடி இரண்டு விளக்கையும் நேரே வைத்து, டச்சப் செய்து, சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரு முகத்தைக் கொடுத்தனுப்பினார் மாமா. சிவப்பு நிறத்தின் மேல் நமக்கிருக்கும் பித்துதான் இதற்குக் காரணம் என்று நான் பல காலம் கோபப்பட்டதுண்டு. அது பாதி உண்மைதான். முகம் முழுவதும் சமமாகத் தெரிய வேண்டும் என்பது இந்த நாட்டு ஓவியங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமும்கூட.

அந்த வழக்கத்தை ரெம்ப்ராண்டே அறிந்திருந்தார். 1656க்கும் 1661க்கும் இடையில், முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட கோட்டோவியங்களை அவர் வரைந்திருக்கிறார். அவருடைய நாட்டுக்காரர்களான டச்சுக்காரர்கள் அந்நாளில் நம் பக்கம் வியாபாரத்துக்கு வந்துபோனவர்கள்தான்; சோழமண்டலக் கரையில் அவர்களுடைய கம்பெனியின் தலைமையிடம் இங்கிருந்து வடக்கே இருக்கும் பழவேற்காடு. நிழலுக்குப் பெயர்போன மனிதர், நிழலே விழாத நம் நாட்டுப் படங்களை எதிரே வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஸ்டூடியோவை மூடிவிட்டுத் தண்டையார்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கும் மாமாவிடம், போன மாதம் போனில் அவற்றுள் ஒன்றைக் காட்டினேன். பக்கவாட்டில் நிற்கும் ஷாஜகான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

“ரெம்ப்ராண்டுன்ற, இதுல முக்கோணம் எங்கடா?” என்றார்.