டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வந்த பிறகு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வயதானவர் பக்கவாதமோ நிமோனியாவோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பினால், அடுத்த சில வாரங்கள்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம். வார்டுக்குத் தெரிந்தது கிளினிக்குக்குத் தெரியாது. கிளினிக்குக்குத் தெரிந்தது, அரசு உதவித்தொகை தரும் சாஸா அலுவலகத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் வீட்டில் இருப்பவர்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் மருமகள். இந்தக் குறிப்பு அவருக்காக.

வார்டை விட்டுக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சீட்டை அங்கேயே நின்று படியுங்கள். நோயின் பெயர் எல்லாச் சீட்டிலும் இருக்கும். எந்த மருந்தை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதுதான் விட்டுப்போகும். அது இல்லையென்றால் சிஸ்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த தேதி, எந்தப் பிரிவு, புண்ணுக்குக் கட்டு யார் மாற்றுவது என்பதும் வேண்டும். இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். 2002-இல் திறந்ததிலிருந்தே அது காகிதமில்லாத ஆஸ்பத்திரி. எல்லாம் கணினியில் இருக்கிறதே என்று வெறுங்கையோடு கிளினிக்குக்குப் போனால் அங்கே யாராலும் எதையும் சொல்ல முடியாது. அச்சடித்து வாங்கி, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

அதிகம் கெடுவது மருந்துப் பார்சலில். பிரஷர், சுகர் கட்டுக்குள் இருக்கிறவர்கள் கிளினிக் வரிசையில் நிற்க வேண்டாம் என்று 2014-இல் கொண்டுவந்த திட்டம் இது. இப்போது டப்லாப் மெட்ஸ் என்கிறார்கள். கிளினிக்கில் ஆறு மாதத்துக்கு மருந்துச் சீட்டு எழுதுகிறார்கள். மருந்து வேறெங்கோ முன்கூட்டியே கட்டப்பட்டு, வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடைக்கோ வேறு விநியோக இடத்துக்கோ வந்துவிடும். நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருந்து மாறினால், பார்சல் கட்டுகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற பிரஷர் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோய், வார்டில் அதை நிறுத்தியிருப்பார்கள். அடுத்த பார்சலில் அதே மாத்திரை வரும். பெரியவர் அதையும் விழுங்குவார். கொஞ்ச நாளில் பேச்சு குழறும், நடை தள்ளாடும், குளியலறையில் விழுவார். வீட்டில் “வயசாச்சு, புத்தி தடுமாறுது” என்பார்கள். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே வீடு வந்த முதல் வாரமே டிஸ்சார்ஜ் சீட்டோடு கிளினிக்குக்குப் போய், பழைய மருந்துச் சீட்டை ரத்து செய்து புதிதாக எழுதச் சொல்லுங்கள். பழைய பார்சல் ஏற்கெனவே கிளம்பிவிட்டதென்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் டப்பாவிலும் பையிலும் கிடக்கிற மாத்திரையெல்லாவற்றையும் மேசையில் பரப்பி, சீட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். அரசு டெண்டர் மாறினால் அதே மருந்து வேறு கம்பெனி, வேறு நிறத்தில் வரும். பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ளது கம்பெனி வைத்த பெயர். கீழே சிறிய எழுத்தில் உள்ளதுதான் மருந்து. இரண்டு பெட்டியிலும் சிறிய எழுத்தில் எனலாப்ரில் என்றிருந்தால் இரண்டும் ஒன்றே, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பிரஷர் தலைகீழாக இறங்கும். எண்ணியும் பாருங்கள். 28 நாளுக்கு மாத்திரை கொடுத்து ஐந்து வாரம் கழித்துத் தேதி போட்டிருந்தால், கடைசி ஒரு வாரம் மருந்தில்லாமல் போகும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுப்பவர்கள் கவனிக்க: அது ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது. முப்பது நாளுக்கு மேல் தரமாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு வேண்டும்.

இனி நம் நாட்காட்டி. புரட்டாசியில் பாட்டி விரதத்தை விடமாட்டார், காவடி வந்தாலும் அப்படித்தான். கிளினிக் சிஸ்டருக்கு அது தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும். சுகருக்குக் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பூஜை முடியும்வரை பட்டினி இருந்தால் சுகர் (mmol/L கணக்கில்) 4-க்குக் கீழே இறங்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மாத்திரையால் இறங்கிய சுகர் ஏறிவிட்டுத் திரும்பவும் இறங்கும், அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு விரதத்தில் வேறு தொல்லை: மாமிசம் நின்று, முருங்கைக்கீரையும் மற்ற கீரைகளும் திடீரென்று கூடும். கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. வருடம் முழுக்க ஒரே அளவாக இருக்கட்டும், மாறினால், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையை முன்னதாகச் செய்யுங்கள்.

சிறுநீர்க் குழாயோடு அனுப்பியிருந்தால், போட்ட தேதியும் குழாயின் வகையும் தெரிய வேண்டும். லேடெக்ஸ் குழாயை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்றவேண்டும், சிலிகோன் பன்னிரண்டு வாரம்வரை தாங்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். நான்கு மணி நேரமாகச் சிறுநீரே வராமல் அடிவயிறு வலித்தால் காலைவரை காத்திருக்காதீர்கள்.

அடுத்தது, பலரும் தாமதமாகத் தெரிந்துகொள்கிற விஷயம். நோயாளியால் சொல்ல முடியாதபோது சிகிச்சைக்கு யார் சம்மதம் தரலாம் என்று 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் வரிசை போட்டிருக்கிறது: துணைவர், பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, உடன்பிறந்தவர். மருமகள் அதில் இல்லை. இரவும் பகலும் பார்க்கிறவர் அவராயிருந்தாலும் இல்லை. பெரியவர் நினைவோடு இருக்கும்போதே, “எனக்குப் பதிலாக இன்னார் சம்மதம் தரலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவர் இந்த வரிசைக்கு முன்னால் வந்துவிடுவார். பவர் ஆஃப் அட்டர்னி வேறு. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி மாறிப்போனால் அது செல்லாது. மறதிநோய் முற்றிய பின்பும் அதை வைத்து வங்கியில் பணம் எடுக்கிற வீடுகள் நிறைய. கேள்வி வந்தால் மாட்டிக்கொள்வார்கள். சரியான வழி, உயர்நீதிமன்றத்தின் மாஸ்டர் என்ற அதிகாரியிடம் அவர் சொத்துக்கு நிர்வாகி நியமனம் கேட்பது, அல்லது நீதிமன்றம் மூலம் கியூரேட்டர் என்ற பாதுகாவலரை நியமிப்பது.

பணம். முதியோர் பென்ஷன் 2025 ஏப்ரலில் மாதம் 2,310 ராண்டாக இருந்தது. 75 வயது தாண்டினால் இருபது ராண்ட் கூடுதல். அதோடு, முழுநேரமும் இன்னொருவர் துணை தேவைப்படுகிறவருக்கு கிராண்ட்-இன்-எய்ட் என்று ஒரு தொகை தனியாக உண்டு; 2025 ஏப்ரலில் அது 560 ராண்டாக இருந்தது. ஒருவருக்கு ஒரு உதவிதான் என்று எண்ணிக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட மருத்துவ அறிக்கை வேண்டும். பெரியவர் வரமுடியாவிட்டால் அவர் எழுதிய கடிதத்தோடும் டாக்டர் குறிப்போடும் வீட்டார் போகலாம். விண்ணப்பித்த நாளிலிருந்தே பணம் கணக்காகும், ரசீதைத் தொலைக்காதீர்கள். அரசு ஒப்பந்தமுள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்தால், நான்காம் மாதத்திலிருந்து பென்ஷன் கால்பங்காகக் குறையும். அங்கிருந்து வெளியே வந்தால் உடனே பழையபடி ஆகும்.

கடைசியாக, அம்மாவை மகன் வீட்டில் இரண்டு மாதம், மகள் வீட்டில் இரண்டு மாதம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறவர்களுக்கு: வீடு மாறினாலும் கிளினிக்கை மாற்றாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புதுக் கோப்பு திறந்தால் இரண்டு இடத்திலிருந்தும் மாத்திரை வரும். பார்சல் வாங்குவதற்கென்று முன்பே பெயர் கொடுத்து வைத்த ஒருவர் அதை வாங்கி வரட்டும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் பழைய கிளினிக்கிலிருந்து மாற்றல் கடிதம் வாங்கி, பழைய மருந்துச் சீட்டை மூடிவிட்டுப் போங்கள்.