ஹொக்குசாயின் அலை, ஐந்து சென்டிமீட்டர் வெள்ளியில்

ஓவியத்தைப் பார்த்து எனாமல் (உலோகத்தின் மேல் சுட்டு உருக்கும் கண்ணாடிப் பொடி) பதக்கம் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத்தில் மயங்கித்தான் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பி எனாமலுக்கு, அதாவது குளோசொன்னேவுக்கு, பார்க்க வேண்டியது கோடுகளைத்தான். ஜெய்ப்பூர் மீனாக்காரியில் தகட்டைக் குழியாகச் செதுக்கி எனாமலை நிரப்புவார்கள். இங்கே தகட்டின் மேல் கம்பியை நிறுத்தி அறை கட்டுகிறோம். படத்தில் கோடு இல்லையென்றால் கம்பிக்கு இடமே இல்லை.

அதனால்தான் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘கனகவா பேரலை’ இதற்கு அவ்வளவு பொருந்துகிறது. 1831 வாக்கில் வந்த மர அச்சுப்படம்; எல்லா உருவத்துக்கும் தெளிவான வெளிக்கோடு உண்டு. கோடே இல்லாமல் நிறம் கரையும் படத்தையும் எனாமலில் கொண்டுவரலாம். தோக்கியோவின் நமிகாவா சோசுகே சுடுவதற்கு முன் கம்பியை உருவி எடுத்து, மை ஓவியத்தின் கசிவையே வரவழைத்தவர். ஆனால் முதல் பதக்கத்தில் அதை முயல வேண்டாம்.

அச்சுப்படத்தின் அகலம் சுமார் 37 செ.மீ. பதக்கம் 5 செ.மீ. என்றால் ஏழில் ஒரு பங்குக்குச் சுருக்குகிறோம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே 1 மி.மீ. இல்லாவிட்டால் பொடி உள்ளே இறங்காது. ஆக, படத்தில் 7 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளி எல்லாம் போகத்தான் வேண்டும். நுரையின் நகம் போன்ற நுனிகளில் நாலைந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று படகில் ஒன்று போதும். ஃபூஜி மலை ஒரே கம்பியின் மடிப்பு.

தகடு 0.8 மி.மீ. கனத்தில் 99.9 சுத்த வெள்ளி. 92.5 வெள்ளியில் உள்ள செம்பு சூட்டில் கருத்து, கண்ணாடிக்கு அடியில் கறையாகத் தெரியும். தகட்டை லேசாகக் கவித்துக்கொண்டு முதலில் பின்பக்கத்துக்கு எனாமல் பூசிச் சுடுங்கள். ஆறும்போது உலோகம் கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும். பின்பூச்சு இல்லையென்றால் அந்த இழுப்பில் முன்பக்கம் விரிசல் விடும். பிறகு முன்பக்கம் நிறமில்லாத எனாமல் ஒரு மெல்லிய பூச்சு, 780 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். செம்புத் தகட்டில் செய்பவர்கள் இந்தப் பூச்சில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. வெள்ளிக் கம்பியும் செம்புத் தகடும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் 779 டிகிரியிலேயே சேர்ந்து உருகும். கம்பி கண்ணெதிரே காணாமல் போகும்.

கம்பி 0.1 மி.மீ. தடிமன், 1 மி.மீ. உயரம் கொண்ட பட்டைக் கம்பி. காய்ச்சி மென்மையாக்கிவிட்டு, வரைபடத்தின் மேல் வைத்துச் சாமணத்தால் வளையுங்கள். நேரான துண்டு நிற்காது, சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவாவது ஒரு வளைவு கொடுங்கள். தாவரப் பிசினைத் தண்ணீராகக் கரைத்து ஒட்டினால் போதும். கெட்டியாகத் தடவினால் எரிந்து கரும்புள்ளியாக நிற்கும். சுட்டு எடுத்ததும் கம்பிகள் அடிப்பூச்சில் வேர்பிடித்திருக்க வேண்டும்.

இனி நிறம். எனாமல் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மேலே நிற்கும் பால்போன்ற கலங்கலைக் கொட்டுங்கள். நீர் தெளியும்வரை ஐந்தாறு தடவை. அந்த நுண்தூள்தான் பின்னால் நீலத்தை மங்கலாக்குகிறது. அச்சில் ஹொக்குசாய் பயன்படுத்திய பிரஷ்யன் நீலம் சூளைச் சூட்டைத் தாங்காது. எனாமலின் நீலம் கோபால்ட்டிலிருந்து வருவது. அலையின் உட்பக்கத்துக்கு, அடியிலுள்ள வெள்ளி தெரியும்படி ஒளி ஊடுருவும் நீலம், நுரைக்கு ஒளி புகாத வெள்ளை.

வானம்தான் சோதனை. மலையைச் சுற்றி இருண்டு மேலே போகப் போக வெளுக்கிறது. எனாமல் பொடி பெயின்ட் மாதிரி குழையாது, மணி மணியாகவே நிற்கும். எனவே மூன்று சாம்பல் நிறங்களை ஈரமாகப் பக்கம் பக்கமாக வைத்து, சேருமிடத்தை ஊசியால் கிளறி விடுங்கள். அடுத்த பூச்சில் அந்த எல்லையை அரை மி.மீ. தள்ளி வையுங்கள். நாலு பூச்சு முடியும்போது கோடு கரைந்திருக்கும்.

ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும். சூளையின் தலையில் வைத்து ஈரம் முழுக்கப் போனபிறகே உள்ளே விடுங்கள். மிச்ச ஈரம் ஆவியாகிப் பொடியைத் தெறிக்கவைக்கும். ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமாக வந்தால் சூடு போதவில்லை, இன்னும் அரை நிமிடம் கொடுக்கலாம்.

அறை நிரம்பியதும் ஓடும் தண்ணீருக்கு அடியில் வைரத்தூள் தேய்ப்புத்தாளால் 220-ஆம் எண்ணில் தொடங்கி 600 வரை தேயுங்கள். கம்பி எல்லாம் ஒரே மட்டத்தில் மின்ன வேண்டும். அதன்பின் ஒரு நிமிடம் சுட்டால் பளபளக்கும். இந்தப் படத்துக்கு அது வேண்டாம் என்பேன். சுடாமல் விட்டால் அச்சுத்தாளின் மங்கல் அப்படியே கிடைக்கிறது.

கடைசியில் பற்றவைப்பு எதுவும் கிடையாது. பற்றாசு வைத்துத் தீயால் ஊதினால் எனாமல் வெடிக்கும். வளையத்தோடு கூடிய சட்டத்தைத் தனியாகச் செய்து, கல் பதிப்பதுபோல் பதிக்க வேண்டும். அதற்காகவே தகட்டின் நாலு மூலையையும் வெட்டும்போதே உருட்டிவிடுங்கள். கூர்மூலையில் எனாமல் பின்வாங்கி மெலிந்திருக்கும். சட்டத்தை அழுத்தும்போது முதலில் தெறிப்பது அதுதான்.