இடக்கைக் கத்தரிக்கோலும் நிக்கல் உறுத்தாத கைக்கடிகாரமும்

என் அக்காள் மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். துணி வெட்டித் தைக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது, தனக்கு ஏற்ற கத்தரிக்கோல் ஒன்றைத் தேடித் தரும்படி என்னிடம் கேட்டாள். குடும்பத்தில் யாருக்கு எது தேவைப்பட்டாலும் தேடித் தரும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அரை மணி நேர வேலை என்று நினைத்து இணையத்தில் தேடி, 'இரு கைகளுக்கும் பொருந்தும்' என்ற விளக்கத்தோடு வந்தவற்றில் அதிக நட்சத்திரங்கள் பெற்ற ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அவள் வெட்ட முயன்றபோது துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் மடிந்து சிக்கிக்கொண்டது. அதே கத்தரிக்கோலை நான் வலக்கையில் பிடித்து வெட்டியபோது துணி சீராக இரண்டாயிற்று.

குறை எங்கே இருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. வலக்கையால் கத்தரிக்கோலை மூடும்போது கட்டைவிரல் நம்மை அறியாமலே வெளிப்புறமாகத் தள்ளுகிறது. மற்ற விரல்கள் உள்ளங்கையை நோக்கி இழுக்கின்றன. இந்தப் பக்கவாட்டு அழுத்தம் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று உரசும்படி நெருக்குவதால்தான் துணி வெட்டுப்படுகிறது. அதே கருவியை இடக்கையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, வெட்ட வேண்டிய கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. இரு கைகளுக்கும் என்று விற்கப்படும் பலவற்றில் கைப்பிடி மட்டுமே இருபுறமும் ஒத்த வடிவில் இருக்கிறது. அலகுகள் வலக்கைக்கு உரிய முறையிலேயே அமைந்திருக்கின்றன. ஆகவே, நான் தேடியிருக்க வேண்டியது இடக்கைக்கு ஏற்ற கத்தரிக்கோலை அன்று, அலகுகள் மாற்றி அமைக்கப்பட்ட கத்தரிக்கோலை.

இதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பது எனக்குக் கிடைத்த உபரி இலாபம். கத்தரிக்கோலின் நுனி மேல்நோக்கி இருக்கும்படி வைத்துப் பார்த்தால், மேலே படிந்திருக்கும் அலகு இடப்பக்கம் இருந்தால் அது உண்மையான இடக்கைக் கத்தரிக்கோல். வலப்பக்கம் இருந்தால் வலக்கைக்கானது. திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் இந்த விதி மாறாது. (விற்பவர் படத்தையே இடவலமாகப் புரட்டிப் போட்டிருந்தால் மட்டும் ஏமாறுவோம், அலகில் பொறித்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.) அன்றிலிருந்து, தேடலில் வந்து விழும் பொருள் விளக்கங்களைவிடப் படங்களையே நான் அதிகம் நம்புகிறேன்.

பரிந்துரை என்ற பெயரில் நமக்குக் காட்டப்படுபவை ஏன் இப்படித் தவறிப்போகின்றன என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1992ஆம் ஆண்டு ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மின்னஞ்சல்களைப் பிரித்தெடுக்க உருவாக்கப்பட்ட ஓர் அமைப்பை விவரித்தவர்கள் 'கூட்டு வடிகட்டல்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்: ஒருவருக்கு எது பயன்படும் என்பதை மற்றவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதிலிருந்து அறிவது என்பதே அதன் கருத்து. 2003ஆம் ஆண்டு அமேசானின் பொறியாளர்கள் மூவர் வெளியிட்ட கட்டுரை அந்தக் கருத்தைக் கடைக்கு ஏற்றபடி மாற்றியதை விளக்கியது. ஆளோடு ஆளை ஒப்பிடாமல் பொருளோடு பொருளை ஒப்பிட்டு, இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள் என்று சொல்லும் முறை அது. பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவதைத் தேடும்போது இது வியக்கத்தக்க வகையில் பலிக்கிறது. ஆனால் உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்கிறபோது, கத்தரிக்கோலைப் பற்றி அந்த அமைப்புக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள். நமக்கு மட்டுமே உள்ள வேறுபாட்டுக்கு விடை வேண்டி, நம்மிடம் உள்ள பொதுத்தன்மையை மட்டுமே அறிந்த ஒன்றிடம் போய் நிற்கிறோம். அந்தக் கத்தரிக்கோலை வாங்கிய பிறகு மூன்று வாரங்களுக்கு எனக்குக் கத்தரிக்கோல்களாகவே காட்டிக்கொண்டிருந்ததையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இல்லாத ஒன்றைக் கேட்பது இதைவிடக் கடினம். என்னோடு பணிபுரியும் தோழி ஒருவருக்கு நிக்கல் உலோகம் தோலில் பட்டால் தடித்துச் சிவந்துவிடும். அவருக்காகக் கைக்கடிகாரம் தேடியபோது, 'நிக்கல் இல்லாத' என்று எழுதினால் நிக்கல் பூச்சுள்ள கடிகாரங்களே முன்வரிசையில் வந்து நின்றன. சொற்களைப் பொருத்திப் பார்க்கும் பழைய தேடலுக்கு நிக்கல் என்ற சொல்தான் முதன்மையாகப் படுகிறது. சொற்களின் அர்த்தத்தை எண்களாக மாற்றி நெருக்கம் பார்க்கும் புதிய தேடலிலும் 'நிக்கல் உள்ளது', 'நிக்கல் இல்லாதது' என்ற இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில்தான் குடியிருக்கின்றன. சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டு விலக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் நிக்கல் என்ற சொல் வரும் எல்லாப் பக்கங்களும் போய்விடும். 'எங்கள் கடிகாரத்தில் நிக்கல் இல்லை' என்று மெனக்கெட்டு எழுதிவைத்த பக்கமும் அவற்றோடு சேர்ந்து போய்விடும்.

அந்தத் தேடலில் நான் கற்றுக்கொண்டவை கடிகாரத்தைவிட அதிகம். 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லை நம்பி முதலில் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். ஒவ்வாமை தராது என்பது போல ஒலிக்கும் அந்தச் சொல்லுக்கு, ஒப்பனைப் பொருள்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே வரையறை எதுவும் வைத்திருக்கவில்லை என்று அறிந்ததும் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அடுத்து, துருப்பிடிக்காத எஃகு பாதுகாப்பானது என்றார்கள். கடிகாரங்களில் பரவலாகப் பயன்படும் 316எல் வகை எஃகில் 10 முதல் 14 விழுக்காடு வரை நிக்கல் இருக்கிறது. ஆனால் அது உலோகத்துக்குள் இறுகப் பிணைந்திருப்பதால் தோலில் மிகக் குறைவாகவே கசிகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பது அன்று, எவ்வளவு வெளிவருகிறது என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறையும் அந்த வெளியேற்றத்தைத்தான் அளக்கிறது: தோலோடு நெடுநேரம் தொட்டிருக்கும் பொருள்களிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவர்களுக்கு எழுதினேன். சிலர் நேரடியாக விடை சொன்னார்கள். பலர் தங்கள் பொருள் உயர்தரமானது என்று மட்டும் சொன்னார்கள். யாரிடம் வாங்கக் கூடாது என்பது அந்த விடைகளிலேயே தெரிந்துவிட்டது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தோல்பட்டையா துணிப்பட்டையா என்று நாங்கள் இருவரும் நாள்கணக்கில் விவாதித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவர் தம் மணிக்கட்டில் தடித்திருந்த இடத்தைக் காட்டியபோதுதான் அது பட்டை படும் இடமே அன்று, பட்டையைப் பூட்டும் கொக்கி அழுந்தும் இடம் என்று தெரிந்தது. கொக்கி எந்த உலோகத்தால் ஆனது என்பதைப் பொருள் விளக்கங்களில் எழுதுபவர்கள் அரிது. தேவையை எழுதும் முன் தொந்தரவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்திருந்தால் பாதி நாள்கள் மிச்சமாகியிருக்கும்.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், அவர்கள் அடுக்கும் நிபந்தனைகளை உடனே தேடலில் இடுவதில்லை. கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்: ஒவ்வொரு நிபந்தனையும் பத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றையொன்று சாராத ஐந்து நிபந்தனைகளுக்குப் பிறகு 1,00,000 பொருள்களில் ஒன்றே ஒன்று மிஞ்சும், ஆறாவது நிபந்தனையைச் சேர்த்தால் அதுவும் பெரும்பாலும் மிஞ்சாது. ஆகவே எது இல்லாவிட்டால் பொருளே பயனற்றதாகிவிடும், எது இருந்தால் மகிழ்ச்சி என்று பிரிக்கச் சொல்கிறேன். நிறம் முதல் வகையில் வருவதாகச் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தேடிக் களைத்த பிறகு அவர்களே அதை இரண்டாவது வகைக்கு மாற்றிவிடுகிறார்கள். அதோடு, முன்பு என்னென்ன வாங்கிப் பார்த்தார்கள், அவை ஏன் ஒத்துவரவில்லை என்றும் கேட்கிறேன். ஒருவர் தமக்கு என்ன வேண்டும் என்று எழுதும் பத்து வரிகளைவிட, வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் ஒரு வரி எனக்கு அதிகம் சொல்லிவிடுகிறது.

அடுத்து வேண்டியது, அந்தத் துறையில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர். இரவில் டிக் டிக் என்று கேட்காத அலாரக் கடிகாரம் ஒன்றை நான் 'சத்தமில்லாத கடிகாரம்' என்று தேடிக் களைத்திருக்கிறேன். நொடிமுள் துள்ளித் துள்ளிப் போகாமல் வழுக்கிக்கொண்டே சுற்றும் அமைப்புக்கு 'ஸ்வீப்' என்று பெயர் இருப்பது தெரிந்தவுடன் ஐந்து நிமிடங்களில் கிடைத்தது. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளை நான் இந்த இடத்தில் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். என் தொந்தரவை நீளமாகச் சொல்லி, இதற்குத் துறையில் என்ன பெயர், எந்த அளவீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் உருப்படியாகச் சொல்கின்றன. எதை வாங்கலாம் என்று கேட்டால், உலகில் இல்லாத மாதிரி எண்ணைக்கூடத் தயங்காமல் சொல்லிவிடுகின்றன. அப்படி ஒன்றைத் தேடி ஒரு மாலைப்பொழுதை நான் இழந்திருக்கிறேன்.

கடைத் தளங்களில் உள்ள வடிகட்டிகளையும் அளவோடுதான் நம்ப வேண்டும். விற்பவர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தால், தகுதியுள்ள பொருளும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். தவறாக நிரப்பியிருந்தால் என் முதல் கத்தரிக்கோலைப் போலத் தகுதியற்றது முன்னால் வந்து நிற்கும். மதிப்புரைகளில் நான் ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டிச் சென்று மூன்று நட்சத்திரக்காரர்களைத்தான் படிக்கிறேன். பொருள் கெட்டதன்று, ஆனால் தனக்கு ஒத்துவரவில்லை என்று காரணத்தோடு எழுதுபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதியொன்றை அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024இல் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், நட்சத்திரங்களின் கூட்டலுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்று தெரியும்.

அக்காள் மகளுக்கு அலகு மாற்றிய கத்தரிக்கோல் கிடைத்துவிட்டது. ஆனால் அதுவரை வலக்கைக் கருவியை எதிர்ப்புறமாக அழுத்தியே வெட்டிப் பழகியிருந்ததால், சரியான கருவியில் அவளுக்கு முதல் இரண்டு வாரங்கள் வெட்டே விழவில்லை. என்னைத்தான் குறை சொன்னாள். தோழி இப்போது டைட்டானியக் கடிகாரம் ஒன்றை, உலோகமே இல்லாத ஒட்டும் துணிப்பட்டையோடு கட்டியிருக்கிறார். நிக்கல் கசிந்தால் இளஞ்சிவப்பாக மாறும் டைமெத்தில்கிளையாக்சைம் என்ற சோதனைத் திரவத்தையும் வாங்கிவைத்துக்கொண்டு, அலுவலகத்தில் உள்ளவர்களின் கடிகாரங்களை எல்லாம் பஞ்சால் துடைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார்.

அண்மையில் என் தம்பி, தன் 16 அங்குல மடிக்கணினி நுழையும் முதுகுப்பை வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அங்குலக் கணக்கு திரையின் மூலைவிட்டத்தைத்தான் குறிக்கிறது. 16க்கு 10 என்ற விகிதத்தில் அமைந்த 16 அங்குலத் திரையும் 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்த 15.6 அங்குலத் திரையும் ஏறத்தாழ ஒரே அகலம், ஏறத்தாழ 34.5 சென்டிமீட்டர், உயரத்தில்தான் முன்னது 2 சென்டிமீட்டர் கூடுதல். பையின் வாய் மூடுமா மூடாதா என்பதை அந்த 2 சென்டிமீட்டர் தீர்மானித்துவிடும் என்பதால், கணினியை அளவுநாடாவால் அளந்து மூன்று பக்க அளவுகளையும் அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். பை கறுப்பாக இருக்க வேண்டும் என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.