அஞ்சு மணி ஆராதனை: திருப்பூர் சபை நாட்குறிப்பு

ஜூலை 6, 2025, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டரேட் கமிட்டி, அதான் சபை நிர்வாகக் குழு, மீட்டிங். ஒரே அஜெண்டா, "சபை வளர்ச்சி". பத்தரைக்கு ஆரம்பிச்சது ஒரு மணி தாண்டியும் ஓடுச்சு, வீட்ல கறிக்குழம்பு ஆறிப்போச்சு. வழக்கமான பேச்சுதான், நம்ம பசங்க எல்லாம் ஏசி ஹால் சபைக்கு போயிடுறாங்க, கீர்த்தனை பாடினா அவங்களுக்கு தூக்கம் வருது, ஆராதனை புக்க பாத்தாலே கொட்டாவி, அதனால எல்ஈடி வால் போடணும் டிரம்ஸ் வாங்கணும் பாவ அறிக்கை விசுவாசப் பிரமாணம் எல்லாத்தையும் சுருக்கணும். பொருளாளர் அண்ணாச்சி கையில கொட்டேஷனே வச்சிருந்தாரு, மூணரை லட்சம். அந்த வாலுக்கு முன்னாடி உக்கார ஆள் எங்கண்ணாச்சினு கேட்டேன், நீ எப்பவுமே குறுக்கதான் பேசுவேனு சொல்லிட்டாரு.

என் மகளும் அந்த ஏசி ஹாலுக்குத்தான் போறா, அதனால எனக்கு இதுல பேச பெரிய யோக்கியதை ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு கவனிச்சேன், அவ்வளவு நேரம் பேசினதுல காலைல எட்டரை மணி ஆராதனை யாருக்கு தோதுப்படும்னு ஒருத்தர் கூட கேக்கல. நாங்க தெக்கத்தி ஆளுங்க எக்ஸ்போர்ட் சூடு பிடிச்ச காலத்துல பொட்டிய தூக்கிட்டு திருப்பூர் வந்தப்ப ஞாயித்துக்கெழம முழு லீவு, அப்ப வச்ச டைம் இது. இப்ப ஷிப்மெண்ட் இருந்தா ஞாயிறு மதியம் வரைக்கும் கம்பெனி ஓடுது. செக்கிங் செக்‌ஷன்ல இருக்குற நம்ம சபை அக்காமார் பாதிப்பேரு மாசத்துல ரெண்டு வாரம் வர்றதே இல்ல, கமிட்டி கணக்குல அவங்க "ஆவிக்குரிய தளர்ச்சி".

ஜூலை 10, வியாழன்

ஒன்றரை ஷிப்ட். ராத்திரி ஏழரைக்கு டீ டைம்ல செக்கிங் டேபிள்ல ஒரு பையன் வாய்க்குள்ளயே ஏதோ பாடிக்கிட்டிருந்தான், ராகம் எனக்கு தெரிஞ்ச ராகம். நம்ம பாமாலை பாட்டுப் புக்குல இருக்குற பழைய இங்கிலீஷ் ராகம்தான், வார்த்தை மட்டும் ஹிந்தி. எனக்கு தெரிஞ்ச ஹிந்தி எல்லாம் "ஜல்தி கரோ", "கித்னா பீஸ்" அவ்ளோதான், இருந்தாலும் கைய கால ஆட்டி பேசிட்டோம். ஜார்க்கண்ட், குந்தி பக்கம், முண்டா பழங்குடி ஆளுங்க, சிஎன்ஐ (வட இந்தியத் திருச்சபை) சபை. வந்து ஒன்றரை வருசம் ஆச்சாம். இங்க கிர்ஜாகர், அதாவது சர்ச், இருக்கானு அவன் என்னய கேட்டான். நம்ம கோயில் கோபுரம் அவன் ரூமுல இருந்து நடந்தா பத்து நிமிசம், தினம் பாத்துட்டுத்தான் வர்றான், உள்ள வரலாமானு கேக்க ஆள் இல்லாம இருந்திருக்கான்.

இவ்வளவு நாளா அந்த டேபிள்காரங்கள "ஹிந்திக்கார பசங்க"னு சொல்லித்தான் எல்லாருக்கும் பழக்கம். ஒரே ஒரு ஆளு சர்ச்சுக்காரன்னு தெரிஞ்சதும் விசாரிச்சா அந்த ரூம் லைன்லயே நிறைய பேரு இருக்காங்களாம், குந்தி, சிம்டேகா, கும்லா, ஒடிசா சுந்தர்கட் ஆளுங்க. சிம்டேகா மாவட்டத்துல 2011 சென்சஸ்படி பாதிக்கு மேல கிறிஸ்தவங்க, இது நம்மள்ல எத்தன பேருக்கு தெரியும்?

ஜூலை 13, ஞாயிறு

வந்துட்டான். அயர்ன் பண்ணின வெள்ளச் சட்டை, கூட இன்னொரு பையன். வாசல்ல நின்ன நம்ம ஆளு ஃபேன் ரிப்பேருக்கு வந்திருக்கானுங்கனு நெனச்சு பின்பக்கம் கைய காட்டியிருக்காரு. நான் போயி கூட்டிட்டு வந்து எம்பக்கத்துல உக்கார வச்சேன்.

அப்புறம் நடந்தது தான் எனக்கு இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அவனுக்கு தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா பாவ அறிக்கைக்கு எல்லாருக்கும் முன்னாடி முழங்கால் போட்டான், சுவிசேஷ வாசிப்புக்கு எந்திரிச்சான், விசுவாசப் பிரமாணத்த நாங்க தமிழ்ல சொல்லச் சொல்ல அவன் ஹிந்தில முணுமுணுன்னு சொல்லி எங்க கூடவே முடிச்சான். பரமண்டல ஜெபமும் அப்படித்தான். பசங்கள விரட்டுதுனு கமிட்டி சுருக்கப் பாத்த அதே ஆராதனை முறைய புடிச்சுக்கிட்டுத்தான் அவன் ஒன்றரை மணி நேரமும் கூட வந்தான். பிரசங்கத்துக்கு மட்டும் பாவம் ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தான் (அதுல எங்க ஆளுங்களும் நிறைய பேரு அப்படித்தான்).

சாயங்காலம் எங்க போதகர் ஐயாகிட்ட சொன்னேன். ஐயா சிரிச்சுட்டு, ஆச்சரியம் ஒண்ணும் இல்லப்பா, உங்க ஊருக்கும் அவன் ஊருக்கும் ஒரே மிஷன்தான்னாரு, இங்கிலாந்துல இருந்து வந்த ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கம். எஸ்பிஜி. இடையன்குடி கால்டுவெல் ஐயர், எங்க நாசரேத்துல ஆஸ்பத்திரி பள்ளிக்கூடம் கைத்தொழில்பள்ளினு வச்சு ஊரையே மாத்தின மர்காஷிஸ் ஐயர், எல்லாரும் எஸ்பிஜி. அதே எஸ்பிஜி 1869ல ராஞ்சிக்கு போயிருக்கு, 1890ல அங்க சோட்டாநாக்பூர்னு தனி திருமண்டலமே ஆயிருக்கு. 1928ல ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஹாக்கி டீமுக்கு கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா இருக்காருல்ல, அவரு அந்த மிஷன் பள்ளிக்கூடத்து பிள்ளைதான், ஊரு இந்தப் பையனோட குந்தி பக்கம். தெக்க 1947ல நம்ம சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆச்சு, வடக்க 1970ல சிஎன்ஐ ஆச்சு, போர்டுதான் வேற. இந்த ஜெய்பால் சிங் கதைய மறுநாள் பையன்கிட்ட சொல்லப் போனா அவன் எனக்கு மேல அஞ்சு நிமிசம் சொல்றான்.

ஜூலை 19, சனி

சம்பள நாள். ஷிப்ட் முடிஞ்சு அவன் ரூமுக்கு போனேன். பத்துக்கு பத்து, ஆறு பேரு, ஒரு மூலைல கேஸ் அடுப்பு, கொடில ஈரத்துணி, சுவத்துல காலண்டர்ல கிழிச்ச இயேசு படம், அதுக்கு கீழ பிளக் பாயிண்ட்ல ஒரே நேரத்துல நாலு போன் சார்ஜ் ஏறுது. ஞாயித்துக்கெழம என்ன செய்வீங்கனு கேட்டேன். காலைல தண்ணி வரும், துவைக்கணும், வாரத்துக்கு அரிசி பருப்பு வாங்கணும், கோழி எடுத்து சமைக்கணும், மதியம் தூக்கம், அப்புறம் காதர்பேட்டைல ஒரு சுத்து. வேலை இருந்தா அதுவும் இல்ல. நாலு மணிக்கு மேல ஒண்ணும் இல்லனான் ஒருத்தன், போன் பாப்போம், சிலபேரு குடிப்பாங்க.

நாலு மணிக்கு மேல ஒண்ணும் இல்ல. நம்ம கோயிலும் அப்ப பூட்டித்தான் கெடக்கு.

ஜூலை 27, ஞாயிறு

இன்னைக்கு மிஷனெரி ஞாயிறு. விசேஷ காணிக்கை, அப்புறம் ஏலம். பூசணிக்காய் ஒண்ணு எண்ணூறு ரூபா போச்சு, நாட்டுக்கோழிக்கு அக்காமார் ரெண்டு பேருக்குள்ள போட்டி. எல்லாம் வடக்க இருக்குற ஊழியத்துக்கு. எனக்கு இதுல ஒரு குறையும் இல்ல, 1903ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சு அசரியா ஐயர் தெலுங்கு நாட்டுக்கு போன நாள்ல இருந்து இது நம்ம ரத்தத்துல இருக்கு. சமைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்து வச்சு மிஷனெரிக்கு குடுத்தவ எங்க பாட்டி. ஆனா மேடைல ஜார்க்கண்ட் மால்டோ மக்களுக்காக உருகி ஜெபம் பண்றாங்க, கடைசி பெஞ்சுல ஜார்க்கண்ட்காரன் நாலு பேரு உக்காந்திருக்கான், அவங்கள பாத்து ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. ஏலம் முடிஞ்சு சாப்பாட்டுக்கு உக்காந்தப்பவும் தனியாத்தான் உக்காந்தாங்க.

கமிட்டில கேட்டுட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு ஆராதனை, பாதி ஹிந்தி பாதி தமிழ், மாசத்துல ரெண்டு ஞாயிறு. சத்தம் கெளம்பிடுச்சு. கரண்ட் பில் யாரு கட்டுவா, செருப்பு திருடு போகும், மதமாத்தம்னு எவனாவது கம்ப்ளைண்ட் குடுத்தா யாரு ஸ்டேஷனுக்கு போவா. கடைசில கேட்ட அண்ணாச்சிகிட்ட ஐயாவே சொன்னாரு, அண்ணாச்சி அவங்க உங்க தாத்தா காலத்துலயே ஞானஸ்நானம் வாங்கினவங்க, இங்க யாரு யாரை மாத்துறதுனு. மூணு மாசம் பாக்கலாம்னு முடிவு. எல்ஈடி வாலுக்கு ஒரு சப்-கமிட்டி போட்டாச்சு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முத அஞ்சு மணி ஆராதனை. அஞ்சே காலுக்கு வெறும் பெஞ்சுதான், எனக்கு வயித்த கலக்குச்சு. அஞ்சரைக்கு கூட்டமா வந்தாங்க, பொண்ணுங்களும், மில் ஹாஸ்டல்ல இருக்குறவங்களாம், வார்டன்கிட்ட அவுட்பாஸ் வாங்க லேட்டு. ஐயா ஹிந்தி வேதத்துல இருந்து சங்கீதத்த எழுத்துக்கூட்டி வாசிச்சாரு, அவங்களுக்கு சிரிப்ப அடக்க முடியல, அதுலயே பாதி கூச்சம் போயிடுச்சு. பிரசங்கம் பத்தே நிமிசம், கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிற என் மக தனக்கு தெரிஞ்ச ஹிந்தில மாத்தி சொன்னா. வற்புறுத்தி எல்லாம் கூப்பிடல, யாராவது ஹிந்தி தெரிஞ்ச ஆள் வேணும்னு வீட்ல பொலம்பினேன், அவளா வந்தா. (காலைல ஏசி ஹாலுக்கு போயிட்டுத்தான் வந்தா, அது வேற விசயம்.)

பாட்டுக்கு மாந்தர்னு ஒரு மேளம் அவங்க ஊர்ல உண்டாம், இங்க ஏது, நம்ம சண்டேஸ்கூல் ரூம்ல கெடந்த பழைய தபேலாவ எடுத்து ஒரு பொண்ணு அடிச்சா பாருங்க, கோயில் பொறுப்பாளர் தாத்தா தூண் பக்கத்துல நின்னு தாளம் போடுறாரு. தபேலாவ அப்படி அடிக்கக் கூடாதுதான். போகும்போது ஒவ்வொருத்தரும் கைகுடுத்து "யீசு சஹாய்"னு (இயேசு துணை) சொல்லிட்டு போனாங்க.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் சுண்டலும் டீயும் போட்டாங்க. கூட்டத்துல ரெண்டு சின்னப் பிள்ளைங்க, பள்ளிக்கூடமே சேக்கலயாம், எந்த ஸ்கூல் என்ன பேப்பர் வேணும்னு அந்த அம்மாவுக்கு தெரியல. நம்ம சபைல கார்ப்பரேஷன் ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள விசாரிச்சு திங்கக்கெழம கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. இந்த ஒண்ணுக்காகவே அந்த கரண்ட் பில்ல நானே கட்டுவேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நல்ல கூட்டம். நம்ம செக்கிங் அக்காமாரும் வந்தாங்க, காலைல ட்யூட்டி. ஹிந்தி புரியலனாலும் பரவால்ல நற்கருணை கெடச்சுதேனு சொன்னாங்க. இது நாங்க யாரும் எதிர்பாக்கல.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேத்துல இருந்து நம்ம நாட்டு சரக்குக்கு அமெரிக்கா வரி 50 சதவீதம். ஏழாம் தேதி 25 போட்டப்பவே எங்க கம்பெனில பையர் மெயில் அனுப்பி கட்டிங்க நிறுத்தச் சொல்லிட்டான், இப்ப தச்ச பீஸே அட்டப்பெட்டில அடுக்கி கெடக்கு. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆச்சு. பீஸ் ரேட் ஆளுங்கதான் முதல்ல அடி வாங்குவாங்க. எழுத வேற ஒண்ணும் ஓடல.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாதிப்பேரு இல்ல. தீபாவளிக்கு போற கூட்டம் இப்பவே கெளம்பிடுச்சு, சிலபேரு ஓசூர் பக்கம் வேலை தேடி. தன்பாத் எக்ஸ்பிரஸ்ல அன்ரிசர்வ்ட்ல ஏற வெள்ளிக்கெழம ஸ்டேஷனுக்கு போனேன், பொண்ணுங்க மூணு பேர ஏத்தி விடத்தான், பெட்டிக்குள்ள கால் வைக்க எடம் இல்ல, ராஞ்சி வரைக்கும் எப்படித்தான் நின்னுட்டு போவாங்களோ. அக்காமார் புளிசாதம் கட்டி குடுத்தாங்க.

கமிட்டில ஒருத்தர் சொன்னாரு, பாத்தியா, இவங்கள வச்சா சபை வளரும்னு சொன்ன. நான் ஒண்ணு கேட்டேன், நம்ம பிள்ளைங்க மட்டும் இங்கயா இருக்கு? பெங்களூர், துபாய், கனடானு போயிருக்கு, அதுங்க பேரு எல்லாம் ரெஜிஸ்டர்ல அப்படியே இருக்கே, கிறிஸ்மஸ்க்கு வந்து காணிக்கை போட்டா கைதட்டுறோமே. எவன் எங்க போனாலும் அங்க ஒரு கோயில் கதவு தொறந்திருக்கணும்னுதானே நம்ம பிள்ளைங்களுக்கும் ஜெபிக்கிறோம். அவரு டீய குடிச்சுட்டு ஒண்ணும் சொல்லல.

ஐயா ஒரு நல்ல காரியம் செஞ்சாரு. ஊருக்கு போறவங்களுக்கு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், இவங்க இத்தன மாசம் எங்க சபைல ஐக்கியமா இருந்தாங்கனு அவங்க ஊர் போதகருக்கு. இங்கிலீஷ்ல அடிச்சு சீல் வச்சு குடுத்தாரு. அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஆதார் கூட வச்சுக்கிட்டாங்க.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேத்து சிஎஸ்ஐ உருவான நாள், இன்னைக்கு ஆராதனை. ரெண்டாம் வாசிப்பு ஹிந்தில, அதுவும் காலை ஆராதனைல, குந்தி பையன் வாசிச்சான். மைக்க ரொம்ப கிட்ட புடிச்சுட்டான். முணுமுணுத்தவங்க உண்டு, முன்னாடி பெஞ்சுல ஒரு ஆச்சி கண்ண தொடைச்சுக்கிட்டதும் உண்டு.

அக்டோபர் 5, ஞாயிறு

மூணு மாசம் முடியப் போகுது, அதனால கமிட்டி. அஞ்சு மணி ஆராதனை தொடரட்டும்னு சட்டுனு முடிஞ்சுது, செக்கிங் அக்காமார் வீட்டுக்காரங்க கமிட்டில மூணு பேரு இருக்காங்க, அதான் காரணம். சிக்கல் அடுத்ததுல. இங்கயே தங்கப் போறோம்னு சொல்ற ஏழெட்டு பேரு சபை அங்கத்தினரா சேரணும், சந்தா கட்டுறோம்னு கேக்குறாங்க. அங்கத்தினர்னா ஓட்டு. ஓட்டுனதும் அண்ணாச்சிமார் எல்லாருக்கும் முகம் மாறிப்போச்சு. யாருக்கு போடுவானுங்க, யாரு சொல்லிக்குடுப்பா, இவன் எதுக்கு இத இவ்வளவு தூக்கிட்டு அலையுறான்னு எம்மேலயே ஒரு பார்வை. சுண்டல் குடுக்குற வரைக்கும் எல்லாருக்கும் சம்மதம், லிஸ்ட்ல பேரு ஏத்தணும்னா மட்டும் விதி தேடுறாங்க.

ரெண்டு மணி நேரம் இழுத்து கடைசில செகரட்டரி சொன்னாரு, ஊர் சபைல இருந்து ஞானஸ்நானம், திடப்படுத்தல் சர்டிபிகேட் வரட்டும். பையன் அங்கயே போன் போட்டான், அரை மணில அவன் ஊரு பாதிரியார் ரெஜிஸ்டர் பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு, ஹிந்தில, சீலோட. வாட்ஸ்அப் செல்லாது, ஒரிஜினல் வேணும்னு செகரட்டரி. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பச் சொல்லியிருக்கோம், அடுத்த கமிட்டி பத்தொன்பதாம் தேதி.